அமெரிக்கக் கவிதையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குக் கவிதை வாசித்துக் காட்டுகிறேன். வாசிப்பு முடிந்ததும் பெற்றோர்கள், அதிலும் நம் தமிழ்க் குடும்பங்கள், கார் நிறுத்துமிடம் வரை சந்தேகம் கேட்டுக்கொண்டே வருவார்கள். ஏப்ரல் பிறந்தால் இன்னும் அதிகம். 1996 முதல் அமெரிக்காவில் அது தேசியக் கவிதை மாதம் என்பதால், பள்ளியிலிருந்து ஏதாவது ஒரு தாள் வீட்டுக்கு வந்துவிடும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"என் பொண்ணுக்கு மூணு வயசுதான் ஆகுது. இப்பவே கவிதையா? அவளுக்கு என்ன புரியும்?"

நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று. 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்' சொல்லித் தந்திருப்பீர்கள் அல்லவா? அது யாரோ ஒரு பாட்டி காலத்து வாய்மொழிப் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர்க்காரரான சாரா ஜோசஃபா ஹேல் 1830-ல் பிள்ளைகளுக்கென்றே வெளியிட்ட கவிதைப் புத்தகத்தில் இருப்பது அது. 1877-ல் எடிசன் தன் ஒலிப்பதிவுக் கருவியைச் சோதித்துப் பார்த்தபோது அதனுள் பேசியதும் இந்த வரிகளைத்தான். தேங்க்ஸ்கிவிங்கைத் தேசிய நாளாக அறிவிக்கச் சொல்லி லிங்கனுக்குக் கடிதம் எழுதியவரும் இதே ஹேல் அம்மையார்தான்.

மூன்று வயதில் போய்ச் சேர வேண்டியது ஓசை மட்டும். தாலாட்டில் 'ஆராரோ'வுக்கு அர்த்தம் தெரியவில்லை என்று எந்தக் குழந்தையும் தூங்காமல் இருந்ததில்லை.

"கிளாசிக்னா யார் யாரைச் சொல்றீங்க? டாக்டர் சூஸ் சேர்த்தியா?"

நான் எடுத்துக்கொள்ளும் எல்லை ஏறக்குறைய 1820-களிலிருந்து 1930-கள் வரை. முதலில் லாங்ஃபெல்லோ, விட்டியர் போன்றவர்கள். குளிர்காலத்தில் குடும்பமே கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து இவர்களை வாசித்ததால் கணப்போரக் கவிஞர்கள் என்றே இவர்களுக்குப் பெயர். அப்புறம் எட்கர் ஆலன் போ, வால்ட் விட்மன், எமிலி டிக்கின்சன். அதற்கடுத்து பால் லாரன்ஸ் டன்பார், ராபர்ட் ஃப்ராஸ்ட், கார்ல் சாண்ட்பர்க், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், லாங்ஸ்டன் ஹியூஸ்.

டாக்டர் சூஸையும் ஷெல் சில்வர்ஸ்டீனையும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நாம் தேவையில்லை. 'ட்விங்கிள் ட்விங்கிள்' இங்கிலாந்துச் சரக்கு.

"பட்டியல் எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கவிதை சொல்லுங்க, அதுல ஆரம்பிக்கிறேன்."

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் சாண்ட்பர்க்கின் 'ஃபாக்' (1916). ஆறே வரி. பனிமூட்டம் பூனைக்குட்டியின் காலால் வருகிறது, துறைமுகத்தைப் பார்த்தபடி சத்தமில்லாமல் குந்துகிறது, எழுந்து போய்விடுகிறது. படித்து முடித்ததும் பிள்ளை பூனையாகத் தவழ ஆரம்பித்தால் வேலை முடிந்தது.

ஆறு வயதுக்கு மேல் என்றால் யோசிக்காமல் ஃப்ராஸ்ட்டின் 'ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவ்னிங்'. பனி கொட்டுகிற சாயங்காலம், ஒரு காட்டோரம், ஒரு மனிதர், ஒரு குதிரை. நின்றது ஏதோ தவறுதலாகவோ என்று கேட்பதுபோல் குதிரை தன் மணியை ஆட்டுகிறது. மொத்தமே பதினாறு வரி. 'ஹார்னஸ்', 'டவுனி' போல ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். 'க்வியர்' என்று ஒரு சொல் வரும். இன்றைய பிள்ளைகளுக்கு அதில் வேறு பொருள் தெரியும். அந்தக் காலத்தில் 'விசித்திரம்' என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் சங்கதி ஒன்று உண்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். முதல் பத்தியில் ஒன்று, இரண்டு, நான்காம் வரிகள் ஒரே ஓசையில் முடியும். மூன்றாவது மட்டும் ஒட்டாமல் நிற்கும். அடுத்த பத்திக்குப் போனால், அந்த ஒட்டாத ஓசைதான் அங்கே ராஜா. அதற்கடுத்ததிலும் இப்படியே, சங்கிலி போல. கடைசிப் பத்தியில் மட்டும் நான்கு வரியும் ஒரே ஓசை, அதிலும் கடைசி இரண்டும் ஒரே வரி. கலர் பென்சில் கொடுத்து ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு நிறம் பூசச் சொல்லுங்கள், பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். இந்தக் குளிர்காலக் கவிதையை ஃப்ராஸ்ட் எழுதியது 1922 ஜூன் மாதத்தில், இரவெல்லாம் வேறொரு நீண்ட கவிதையோடு மல்லுக்கட்டிய மறுநாள் காலையில். நேரு தன் கடைசிக் காலத்தில் இதன் கடைசி நான்கு வரிகளைக் கைப்பட எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டா என் பையனே சிரிக்கிறான். நான் எப்படி வாசிச்சுக் காட்டுறது?"

சிரிக்கட்டும், வாசியுங்கள். இடறுவது உச்சரிப்பு அல்ல, அடி விழும் இடம். தமிழ் யாப்பு குறில் நெடில் கணக்கில் நடக்கும். ஆங்கில யாப்பு எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில் நடக்கும். நாம் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து வாசிப்பதால்தான் வரி தட்டையாகிவிடுகிறது. மேலே சொன்ன குதிரைக் கவிதையின் முதல் வரியை எடுங்கள்: 'ஹூஸ் வுட்ஸ் தீஸ் ஆர் ஐ திங்க் ஐ நோ'. வுட்ஸ், ஆர், திங்க், நோ, இந்த நான்கிலும் மேசையைத் தட்டுங்கள். வரிக்கு நான்கு தட்டு, கடைசி வரை மாறாது. இரண்டு நாள் தட்டினால் கை பழகிவிடும், நாக்கு தானாகப் பின்னால் வரும்.

ஃப்ராஸ்ட்டும் ஹியூஸும் தாங்களே வாசித்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, அவற்றையும் போட்டுக் காட்டலாம். ஆனால் உங்கள் குரலுக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

"வாசிச்ச உடனே அர்த்தம் சொல்லணுமா?"

வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் இன்னொரு முறை வாசியுங்கள். "இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். அதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். கேட்டே ஆகவேண்டும் என்றால் "அந்தக் குதிரைக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேளுங்கள். பெயர் வைக்கும்போதே அந்தக் குதிரை கிழடா, சோம்பேறியா, எஜமான் மேல் பாசமானதா என்று பிள்ளை முடிவு செய்துவிடும். அது பொருள் சொல்வதில் பாதி.

"எதுகை இல்ல, மோனை இல்ல. இதுல என்ன கவிதை இருக்கு?" (ஊரிலிருந்து வந்திருந்த ஒரு தாத்தா கேட்டது)

எதுகையை வரியின் தொடக்கத்தில் தேடிப் பழகிய காது நமக்கு. ஆங்கிலத்தில் அந்த வேலை வரியின் முடிவில் நடக்கிறது. நம் யாப்பில் இயைபு என்று சொல்வதுதான் அங்கே பிரதானம். மோனையும் உண்டு. போவின் 'ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையில் திரைச்சீலை சரசரக்கும் இடத்தை வாசித்துக் காட்டினேன், ஸகர ஒலியே வரிசையாக வரும். தாத்தா தலையாட்டினார்.

விட்மனிடம் போனால் அதுவும் இருக்காது. 1855-ல் அவர் வெளியிட்ட 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' முதல் பதிப்பில் தலைப்பில்லாத பன்னிரண்டு கவிதைகள், எல்லாம் நீண்ட நீண்ட வரிகள். பாரதியாரே விட்மனைப் பற்றி, பாட்டு வசனம் போல இருக்கும், எதுகை மோனை இராது என்று வியந்து எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு 'ஐ ஹியர் அமெரிக்கா சிங்கிங்' போதும். தச்சர், கொத்தனார், படகுக்காரர், செருப்புத் தைப்பவர் என்று ஒவ்வொருவரும் தங்கள் வேலையின் பாட்டைப் பாடுகிறார்கள். எங்கள் தெருவில் யார் யார் பாடுவார்கள் என்று பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னேன். குப்பை வண்டிக்காரரும், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அம்மாவும், மீட்டிங்கில் மியூட்டில் இருக்கும் அப்பாவும் வந்தார்கள்.

"மனப்பாடம் பண்ணச் சொன்னா பழைய காலம்னு சொல்றாங்களே?"

சொல்பவர்கள் சொல்லட்டும். 1961 ஜனவரி 20, கென்னடி பதவியேற்பு விழா. 86 வயது ஃப்ராஸ்ட் அந்த நாளுக்கென்றே புதிதாக எழுதிய கவிதையைப் பிரித்தார். பனிமேல் பட்டுத் தெறித்த வெயிலில் கண் கூசித் தாளில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டுத் தாளை விட்டார், தன் பழைய கவிதை ஒன்றை மனத்திலிருந்தே சொல்லி முடித்தார். இந்தக் கதையைச் சொன்ன பிறகு எங்கள் வகுப்பில் "எதுக்கு மனப்பாடம்?" என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் 'உட்கார்ந்து படி' முறை வேண்டாம். நாளுக்கு இரண்டு வரி, பல் துலக்கும்போதோ காரிலோ. ஒரு வரி நீங்கள், ஒரு வரி பிள்ளை. மாமா வந்தால் சொல்லிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். அதில் கவிதையை வெறுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

"எமிலி டிக்கின்சன் பெரியவங்களுக்கே கஷ்டம்னு சொல்றாங்க. பிள்ளைகளுக்கு எப்படி?"

விடுகதையாகக் கொடுங்கள். அவருடைய பல கவிதைகள் உண்மையிலேயே விடுகதைகள். புல்லுக்குள் போகும் ஒல்லியான ஒரு ஆசாமி, வகிடு எடுத்த மாதிரி புல் பிளக்கிறது, குனிந்து எடுக்கப் போனால் சுருண்டு ஓடிவிடுகிறது. பாம்பு என்ற சொல் கவிதையில் எங்குமே இல்லை. 1866-ல் இதை அச்சிட்ட பத்திரிகை 'பாம்பு' என்று தலைப்பு வைத்து விடையை உடைத்துவிட்டது! ஆகவே தலைப்பை மறைத்துக்கொண்டு வாசியுங்கள். இன்னொன்றில் ஏதோ ஒன்று மைல்களை நக்கிக் குடிக்கிறது, பள்ளத்தாக்குகளை நக்குகிறது, கனைத்துக்கொண்டு மலையிறங்கித் தன் லாயத்து வாசலில் வந்து நிற்கிறது. குதிரை என்று எல்லாப் பிள்ளைகளும் கத்துவார்கள். ரயில்.

அவருடைய பெரும்பாலான கவிதைகள் தேவாலயப் பாட்டு மெட்டில் அமைந்தவை. அதனால் 'அமேஸிங் கிரேஸ்' ராகத்தில் அப்படியே பாடலாம், பாடிப் பாருங்கள். மனிதரைப் பற்றியும் சொல்லுங்கள். ஆம்ஹர்ஸ்ட் வீட்டை விட்டு வெளியே வராதவர் என்று பெயரெடுத்தவர், ஆனால் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் மாடி ஜன்னலிலிருந்து கூடையில் இஞ்சிக் கேக் இறக்குவார்.

"டிக்கின்சன் கவிதை புத்தகத்துல ஒரு மாதிரி, நெட்ல ஒரு மாதிரி இருக்கே? எது சரி?"

இரண்டும் அச்சில் வந்தவைதான். அவர் எழுதியது ஏறக்குறைய 1,800 கவிதைகள், உயிரோடு இருந்தபோது வெளிவந்தவை பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. 1886-ல் இறந்த பிறகு தங்கை லவினியா அந்தக் கைப்பிரதிகளைக் கண்டெடுத்தார். 1890-ல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் தலைப்பு வைத்து, நிறுத்தற்குறிகளைச் சீராக்கி, சில இடங்களில் சொல்லையே மாற்றிவிட்டார்கள். 1955-ல் தாமஸ் ஜான்சன் பதிப்பில்தான் அவருடைய கோடுகளும் பெரிய எழுத்துகளும் திரும்ப வந்தன. கோடு கோடாக இருப்பது அவர் எழுதியதற்கு நெருக்கமானது, அதையே எடுங்கள். அந்தக் கோட்டில் மூச்சு விட்டு வாசித்தால் பிள்ளைகளுக்கு எளிதாகவும் இருக்கிறது.

"போ எழுதினதெல்லாம் பயமா இருக்குமே, ராத்திரி தூங்குவானா?"

பேய்ப்படம் பார்க்கும் பையன் இதற்கா பயப்படுவான்? சரி, பத்து வயது வரை பொறுங்கள். அதுவரை 'தி பெல்ஸ்' மட்டும். நான்கு பகுதி, நான்கு மணி: பனிச்சறுக்கு வண்டியின் வெள்ளி மணி, கல்யாணத்துப் பொன் மணி, தீ விபத்துக்கு அடிக்கும் வெண்கல மணி, சாவுக்கு அடிக்கும் இரும்பு மணி. நான்கு கோஷ்டியாகப் பிரித்து வாசிக்க வையுங்கள், வீடு இரண்டாகும்.

'ரேவன்' (1845) கதையைவிட, அது உருவான கதை சுவாரஸ்யம். பத்திதோறும் திரும்ப வரும் ஒரு சொல்லை முதலில் பிடித்தாராம், நீண்ட 'ஓ'வும் 'ர்'ரும் சேர்ந்த 'நெவர்மோர்'. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு பேசும் பிராணி வேண்டும். முதலில் மனத்தில் வந்தது கிளி! இதை அவரே 1846-ல் கட்டுரையாக எழுதினார். கிளியாக இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கீச்சுக் குரலில் ஒரு முறை வாசித்தால் பயம் போன இடம் தெரியாது.

"பால் ரெவியர் கவிதையைப் பொண்ணு ஹிஸ்டரி பரீட்சைல அப்படியே எழுதிட்டா. மார்க் போச்சு."

போகத்தான் செய்யும். லாங்ஃபெல்லோவின் கவிதையில், பிரிட்டிஷ் படை வருகிறது என்று ஊர் ஊராக எச்சரிக்க ஒரே வீரர், ஒரே குதிரை, நள்ளிரவு, கான்கார்டு வரை தனிச் சவாரி. நடந்தது வேறு. 1775 ஏப்ரல் 18 இரவு ரெவியரோடு வில்லியம் டாஸும் வேறு வழியில் கிளம்பினார். லெக்ஸிங்டனுக்குப் பிறகு சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர் சேர்ந்துகொண்டார். வழியில் பிரிட்டிஷ் ரோந்துப் படையிடம் ரெவியர் சிக்கிக்கொள்ள, கான்கார்டுக்குச் செய்தி கொண்டுபோனது பிரெஸ்காட். தேவாலயக் கோபுரத்து விளக்குகளும் ரெவியருக்காக ஏற்றப்பட்டவை அல்ல. அவர் ஏற்பாட்டில் அக்கரைக்காரர்களுக்குக் காட்டியவை.

லாங்ஃபெல்லோ புளுகினாரா என்று உங்கள் பெண் கேட்பாள். அவர் இதை எழுதியது 1860-ல். அடிமை முறையை எதிர்த்தவர். நாடு இரண்டாக உடையும் தறுவாயில், எழுந்திருங்கள் என்று கதவைத் தட்ட அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நம் பக்கத்துக் கதைப்பாடல்களும் வரலாற்றை இப்படித்தானே வளைக்கின்றன? கவிதையைக் குதிரைக் குளம்படிக்காகப் படியுங்கள், பரீட்சைக்குப் பாடப்புத்தகம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது பத்து வயதுக்கு அருமையான விளையாட்டு.

"அப்போ ஹயவாதா? பூர்வகுடிகள் கதைன்னு போட்டிருக்கே, படிக்கலாமா?"

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. லாங்ஃபெல்லோவின் 'ஹயவாதா' (1855) கதைகள் ஒஜிப்வே மக்களுடையவை, அவர்களின் நாயகன் பெயர் நானபோஷோ. ஹயவாதா என்பது வேறொரு மக்களான ஹொடனஷோனியின் தலைவர் பெயர். தாளமோ ஃபின்லாந்தின் காவியமான 'கலேவலா'விலிருந்து எடுத்தது. முடிவில் நாயகன் வெள்ளைக்காரப் பாதிரிகளை வரவேற்றுவிட்டு மேற்கே போய்விடுகிறான். அந்த மக்களை நிலத்தை விட்டு விரட்டிக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய முடிவு அது. மின்மினிப்பூச்சி வரும் குழந்தைப் பருவப் பகுதியை மட்டும் ஓசைக்காக வாசிப்பேன், யார் எழுதியது, யாருடைய கதை என்பதைச் சேர்த்துச் சொல்லி.

"லாங்ஸ்டன் ஹியூஸ் கவிதைல 'நீக்ரோ'ன்னு வருது. எப்படி வாசிக்கிறது? அப்புறம் கிராமர் தப்பா இருக்கே?"

முதல் கேள்விக்கு: அவர் எழுதிய காலத்தில் கறுப்பின மக்கள் தங்களைக் கௌரவமாகச் சொல்லிக்கொண்ட சொல் அது. இன்று நாம் யாரையும் அப்படி அழைப்பதில்லை. இரண்டையும் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டு, இருப்பதை இருக்கிறபடி வாசியுங்கள். பள்ளி முடித்த கையோடு, தந்தையைப் பார்க்க மெக்ஸிகோ போகும் ரயில் மிஸிஸிப்பி ஆற்றைக் கடக்கும்போது எழுதியது 'தி நீக்ரோ ஸ்பீக்ஸ் ஆஃப் ரிவர்ஸ்' என்ற அந்த நதிக் கவிதை. 1921-ல் வெளிவந்தது. யூஃப்ரடீஸ், காங்கோ, நைல், மிஸிஸிப்பி என்று வரும். உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் போங்கள். 'ஏன் இந்த நாலு ஆறு?' என்று பிள்ளை கேட்கும்போது அடிமை வணிகத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். ஒன்பது வயதில் அதைத் தாங்கும்.

'மதர் டு சன்' (1922) இலக்கணப் பிழை அல்ல, பேச்சு. ஒரு தாய் மகனிடம் பேசுகிறாள். தன் வாழ்க்கை பளிங்குப் படிக்கட்டாக இருந்ததில்லை, ஆணியும் சிலாம்பும் பெயர்ந்த பலகையுமாக இருந்தது, ஆனாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறேன் என்கிறாள். மதுரைப் பாட்டி செந்தமிழில் திட்டினால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அந்தப் பேச்சைக் கேலியாக நடித்து வாசிக்க விடாதீர்கள். அதில் நான் கண்டிப்பு.

"தமிழ்ல அர்த்தம் சொன்னா கெட்டுப்போகுமா?"

கவிதையைப் பொறுத்தது. பூனைக்கால் பனிமூட்டம் எந்த மொழியிலும் நடக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்குப் பேத்தி தமிழில் சொல்லட்டும், நல்லதுதான். 'நெவர்மோர்' தமிழில் வராது. 'இனி ஒருபோதும் இல்லை' என்றால் காக்கை பேசுகிற மாதிரி இல்லை, வக்கீல் பேசுகிற மாதிரி இருக்கிறது.

"'ரோட் நாட் டேக்கன்' நம்ம வழியில தைரியமாப் போங்கறதுதானே? டீச்சரும் அப்படித்தான் சொன்னாங்க."

பட்டமளிப்பு விழாக்களில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கவிதையையே திரும்பப் படியுங்கள். இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்ந்திருந்தன என்று நடுவிலேயே சொல்லிவிடுகிறார். பல காலம் கழித்து, பெருமூச்சோடு, 'ஆள் அதிகம் போகாத பாதையை எடுத்தேன்' என்று நான் கதை சொல்வேன் என்கிறார். தலைப்பே போகாத பாதையைப் பற்றியது. எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று புலம்பும் நண்பர் எட்வர்ட் தாமஸைச் சீண்ட ஃப்ராஸ்ட் எழுதியது இது (1915). டீச்சரோடு சண்டைக்குப் போக வேண்டாம். 'அந்த நடு வரிகளுக்கு என்ன அர்த்தம் மிஸ்?' என்று பிள்ளை கேட்டாலே போதும்.

"புத்தகம் எல்லாம் வாங்கணுமா?"

அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் முடிந்த கவிதைகள் பொதுச் சொத்து. குதிரைக் கவிதை 2019-ல் அப்படி வந்தது. பொயட்ரி ஃபவுண்டேஷன் தளத்திலும் அகாடமி ஆஃப் அமெரிக்கன் பொயட்ஸ் தளத்திலும் இலவசமாகவே படிக்கலாம். படம் போட்ட புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது.

"எதைக் கொடுத்தாலும் 'போரிங்'ங்கறான். விட்டுடலாமா?"

ஒரு மாதம் விடுங்கள். அப்புறம் 'கேஸி அட் தி பேட்' (1888) கொடுங்கள். பேஸ்பால் தெரிந்த பையன் யாரும் அதைப் பாதியில் விட்டதை நான் பார்த்ததில்லை. ஊரே நம்பியிருக்கும் நட்சத்திர ஆட்டக்காரர் என்ன ஆகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

அதுவும் சரிப்படாவிட்டால் எழுத விடுங்கள். எங்கள் நியூ ஜெர்சி ரதர்ஃபோர்டில் ஊர்க் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வில்லியம்ஸ், சமையலறையில் விட்டுப்போன சீட்டு மாதிரி ஒரு கவிதை எழுதினார் (1934). நீ காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ப்ளம் பழங்களை நான் தின்றுவிட்டேன், மன்னித்துவிடு, அவ்வளவு இனிப்பு, அவ்வளவு குளிர்ச்சி. மன்னிப்புக் கேட்கிறாரா, வெறுப்பேற்றுகிறாரா? வகுப்பில் இதற்கு ஓட்டெடுப்பே நடத்தியிருக்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் என் மகள் ஃபிரிட்ஜ் கதவில் நான்கு வரி ஒட்டி வைத்திருந்தாள். கடைசி அதிரசத்தைப் பற்றியது. மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. ஓரம் மொறுமொறுப்பாக இருந்தது என்ற தகவல் மட்டும் இருந்தது.